மலையேறிய தரத்தின் மெய்க்கீர்த்தி

யப்பானிலும் அமெரிக்காவிலும் அவதரித்து, பட்டம் சூடி, கொழும்பில் திருவுலா வந்து, கினிகத்தேனை வளைவுகளைக் கடந்து எங்கள் மலையேறிய தர மேம்பாட்டு முறைகளே! 5 எஸ் என்றும், கைசென் என்றும், லீன் என்றும், சிக்ஸ் சிக்மா என்றும் பல திருநாமங்கள் பூண்ட பெருந்தகையீர்! ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் டிஸ்பென்சரிச் சுவர்களில் நீங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் வீற்றிருக்கும் கோலத்தைத் தரிசித்து நிற்கும் எளியோர் சார்பில், உங்கள் கீர்த்தியை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடும் பேறு எமக்கு வாய்த்திருக்கிறது. சுவரில் இருந்தபடியே செவிசாய்த்தருள்க.

மூத்தோரை முதலில் வணங்குவது எங்கள் வழக்கம். உங்களுக்கெல்லாம் பாட்டனார், 1872இல் வெள்ளைக்காரர் ஆட்சியில் பிறந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த எங்கள் முன்னோர் பேதியிலும் காய்ச்சலிலும் வழிநெடுகச் சாய்ந்துகொண்டிருந்த காலம் அது. மருத்துவத்தின் நோக்கம் நோய் தீர்ப்பதா, வலி தணிப்பதா, ஆயுளை நீட்டுவதா என்று மற்ற தேசத்துப் பண்டிதர்கள் குழம்பிக்கொண்டிருக்க, தோட்டத்து மருத்துவம் ஒரே கேள்வியில் ஞானம் பெற்றது: நாளைக் காலை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஆள் வருமா? அந்தக் கேள்வியின் உறுதியை என்னென்று புகழ்வோம்! கோப்பி அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் நட்ட தேயிலை மலையெல்லாம் படர்ந்தது. வெள்ளைத் துரை கப்பலேறினார்; உள்ளூர்த் துரை பங்களாவில் குடிபுகுந்தார். 1970களில் அரசு தோட்டங்களை எடுத்தது. 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தது. கேள்வி மட்டும் இம்மியும் பிசகவில்லை. சீரான தன்மைதான் தரத்தின் உயிர் என்று உங்கள் நூல்கள் கூறுகின்றன. 150 ஆண்டுச் சீர்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாட்டனாரின் பெருமையைக் காத்த ஆட்சியாளர்களின் பொறுமையும் போற்றத் தக்கதே. தோட்ட வைத்தியசாலைகளைத் தேசிய சுகாதார சேவையோடு சேர்க்கும் திருப்பணி 1990களில் தொடங்கியது. மூன்று தசாப்தங்கள் ஆகியும் அதை அவசரப்பட்டு முடித்துவிடும் பண்புக் குறைவு எவரிடமும் தலைகாட்டவில்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டமோ, 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டத்து வீதிக்கும் விளக்குக்கும் சபைப் பணம் வந்து சேராதபடி எங்களைக் கண்ணிமைபோல் காத்து நின்றது. இத்தகைய காவலுக்குள் வளர்ந்த மண்ணில்தான் நீங்கள் பாதம் பதித்தீர்கள்.

உங்களுள் முதல் மாலை 5 எஸ் பெருமானுக்கே. 2000ஆம் ஆண்டளவில் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில், பணிப்பாளர் டொக்டர் விமல் கரந்தகொடவின் தலைமையில் குடியேறியவர் அவர். நிதி நெருக்கடியிலும் சிற்றூழியர் முதல் விசேட நிபுணர் வரை ஒரே வரிசையில் நின்று அந்த வைத்தியசாலையை மாற்றிக் காட்டியதை நாடே வியந்தது. 2007 முதல் யப்பானின் ஜய்க்கா நிறுவனம் அந்த முன்மாதிரியை ஆபிரிக்க நாடுகளுக்குக் கொண்டு சென்றது. இத்தனை புகழிலும் கொழும்பில் அவருக்கு ஒரு பலவீனம் ஒட்டிக்கொண்டிருந்தது: தாயையும் சிசுவையும் நினைத்துக்கொண்டே இருந்தார். மலையேறும் வழியில் அந்தச் சுமையை எங்கோ இறக்கி வைத்துவிட்டு, இலகுவான உடம்போடு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

அவரது ஐந்து திருமுகங்களின் ஒளியைக் கேளுங்கள். முதலாவது செய்ரி: வேண்டாததை அகற்றுதல். தோட்டத்து மருந்து அலுமாரியில் வேண்டாதது ஒன்றும் இல்லை, வேண்டியதும் இல்லை. இத்தனை பூரணமான வகைப்படுத்தலை யப்பானே கண்டிருக்காது. இரண்டாவது செய்தோன்: ஒவ்வொன்றுக்கும் உரிய இடம். ஒட்சிசன் சிலிண்டருக்கென்று தரையில் மஞ்சள் கோடு கிழித்திருக்கிறது. சிலிண்டர் வருவதும் வராததும் உலக மாயை. அதன் இடம் ஒருநாளும் தவறியதில்லை. மூன்றாவது செய்சோ: துலக்குதல். மேலிடத்தார் வருகிறார்கள் என்றால் முதல்நாளே தரை சிவப்புப் பொலிஷில் முகம் காட்டும். அதில் அழுக்குக் கால் படாதிருக்க, நோயாளிகள் மறுநாள் வரும்படி அன்போடு கேட்டுக்கொள்ளப்படுவார்கள். நான்காவது செய்கெட்சு: ஒரே நியமம். காய்ச்சலுக்கும் பனடோல், இடுப்பு வலிக்கும் பனடோல், குளவி கொட்டி முகம் வீங்கியவளுக்கும் பனடோல். ஏழை பணக்காரன் பேதம் பார்க்காத வைத்தியம் எங்கும் உண்டு. நோய்க்கு நோய் பேதம் பார்க்காத வைத்தியம் எங்கள் மலையில்தான் சித்தித்தது. ஐந்தாவது ஷித்சுகே: ஒழுக்கம். இதை மட்டும் யப்பானியர் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கவும், கூப்பிடும் வரை காத்திருக்கவும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகவும் எங்கள் சனம் பெரட்டுக் களத்திலேயே நான்கு தலைமுறையாகப் படித்துத் தேறியிருக்கிறது.

அடுத்து வருபவர் சக்கரத்தாழ்வார். திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்று ஓயாமல் சுழலும் இவரை ஷூவார்ட் என்ற தர அறிஞர் வார்த்தார், அவர் வழிவந்த டெமிங் உலகெங்கும் உருட்டினார். வைத்தியசாலைகளுக்குள் இவரை நடத்தி வந்தோர் மூன்று கேள்விகளை இவருக்கு முன்னால் நிறுத்தினர்: எதை அடைய நினைக்கிறோம்? நடந்த மாற்றம் முன்னேற்றம்தான் என்று எப்படி அறிவோம்? எந்த மாற்றத்தைச் செய்து பார்ப்போம்? ஒரு சிறு மாற்றத்தை நாளைக்கே ஒரு நோயாளியோடு சோதித்துப் பார் என்பது அவர்களின் அறிவுரை. இளமைத் துடிப்பு! எங்கள் மலையின் குளிரில் இவர் நிதானம் கற்றுக்கொண்டார். இங்கே திட்டமிடுதல் என்பது குழு அமைத்தல்; செய்தல் என்பது அடிக்கல் நாட்டுதல்; ஆராய்தல் என்பது அந்தக் கல்லில் யார் பெயர் முதலில் வரும் என்று பார்த்தல்; திருத்துதல் என்பது அடுத்த தேர்தலில் அதே இடத்தில் புதிய கல் நாட்டுதல். சக்கரம் ஒருநாளும் நின்றதில்லை. வண்டி நகரவில்லையே என்று கேட்பவர்கள் சக்கரத்தின் தத்துவத்தை அறியாதவர்கள்.

டொயோட்டாத் தொழிற்சாலையின் செல்வங்கள் இரண்டு. இரண்டும் எங்களுக்குக் கிடைத்தன. மூத்தது, தாயிச்சி ஓனோ போற்றி வளர்த்த ஐந்து ஏன்கள். ஒரு பிழை நேர்ந்தால் ஐந்து தடவை ஏன் என்று கேட்டுக்கொண்டு போனால் வேர் தெரியும் என்பது அதன் சூத்திரம். டொனல்ட் பேர்விக் என்ற அமெரிக்க மருத்துவர் 1989இலேயே எழுதிவிட்டார்: பிழையை ஆளிடம் தேடாதே, அமைப்பில் தேடு என்று. அமைப்பை நோகடிக்க எங்கள் பெரியோருக்கு மனம் வருமா? ஐந்து ஏன்களையும் அவர்கள் நோயாளியிடமே கேட்டருளினார்கள்.

ஏன் இத்தனை தாமதித்து வந்தாய்? கிளினிக் வந்தால் அன்றைக்குப் பேர் விழாது, கூலி இல்லை, ஐயா. ஏன் கொப்பியைக் கொண்டு வரவில்லை? லயத்துக்குள் மழை ஒழுகி நனைந்துவிட்டது, ஐயா. ஏன் இரத்தம் இத்தனை குறைவாக இருக்கிறது? ரொட்டியும் தேத்தண்ணியும்தான் கட்டுப்படியாகிறது, ஐயா. ஏன் போன மாதம் கொடுத்த துண்டோடு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை? பஸ் காசு இருக்கவில்லை, ஐயா. ஏன் அங்கே சொன்னதைக் கேட்டு நடக்கவில்லை? அவர்கள் சிங்களத்தில் சொன்னார்கள், ஐயா.

ஐந்தே கேள்விகள். கூலி, கூரை, சாப்பாடு, பஸ், மொழி என்று ஐந்து பெரும் வேர்களின் மேல் கால் வைத்தும் ஒன்றிலும் தடுக்கி விழாமல், வேர்க்காரணத்தை அவர்கள் கண்டடைந்த நுட்பத்தை எந்த யப்பானியனால் விஞ்ச முடியும்? பதிவேட்டில் ஒரே வரியில் எழுதினார்கள்: நோயாளிக்கு விழிப்புணர்வு போதாது. உடனே விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒன்று வந்து சேர்ந்தது. தமிழும் அரச கரும மொழி என்று 13ஆவது திருத்தம் 1987இலேயே சொல்லியிருப்பதை மறவாமல், சுவரொட்டியில் தமிழுக்கும் இடம் அளித்தார்கள். எழுத்துகள் இடம்மாறி நின்றதால் அதை வாசிக்கும் சிரமமும் எங்களுக்கு மிச்சம்.

டொயோட்டாவின் இளைய செல்வம், நிறுத்தும் கயிறு. பிழை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம். மேலாளர் ஓடி வந்து அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வெர்ஜீனியா மேசன் வைத்தியசாலை 2002இல் இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. அங்கே எந்த ஊழியரும் ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தலாம். அச்சத்தை விரட்டு என்று டெமிங்கும் தம் பதினான்கு கட்டளைகளில் ஒன்றாகச் சொன்னார். எங்கள் மலையில் அந்தக் கயிறு இன்னும் மேன்மையான பயன்பாட்டைக் கண்டது. மருந்து முடிந்துவிட்டது என்று சொல்லத் துணியும் பணியாளர் உடனே அடையாளம் காணப்படுகிறார்; அவருக்கு வேறு தோட்டத்தின் குளிர்காற்று அருளப்படுகிறது. பிழையைச் சொல்பவர் போனதும் பிழையும் அறிக்கையிலிருந்து போய்விடுகிறது. அச்சத்தை விரட்டுவதைவிட அஞ்சாதவரை விரட்டுவது எத்தனை சிக்கனமானது!

சிக்கனம் என்றதும் லீன் பெருமாட்டியை நினையாமல் இருக்க முடியுமா? வீண் நடை, வீண் காத்திருப்பு, வீண் போக்குவரத்து ஆகியவற்றைக் களைவது அவளுடைய விரதம். அந்த விரதத்தின் உச்சியை எங்கள் கொழுந்து லொறியில் காணலாம். காலையில் கொழுந்து, இரவில் பிரசவ வேதனைப்படுபவள். ஒரே லொறி, ஒரே பலகை, ஒரே சாரதி. இந்திய நன்கொடையில் எழுந்த 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா வைத்தியசாலையை 2017 மே 12ஆம் திகதி பிரதமர் மோடி திறந்து வைத்தார். அதே நாட்டின் கொடையில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஓடத் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் பின்னர் தீவெங்கும் வந்தது. இரண்டும் எங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கின்றன. மேல் பிரிவு லயத்திலிருந்து தார் வீதி வரைக்குமான அந்தக் கடைசித் துண்டை மட்டும் லீன் பெருமாட்டி எங்கள் தோளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறாள். கம்பளியில் தொட்டில் கட்டி, தடியில் கோத்து, நாலு பேர் இறங்கினால் போதும். டீசல் செலவில்லை, சாரதிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லை, வீண் போக்குவரத்தே இல்லை. பிள்ளை பாதி வழியில் பிறந்துவிட்டால் மீதி வழியும் மிச்சம்.

சிக்ஸ் சிக்மா மகாராசா இவர்கள் எல்லோரிலும் நுண்மையானவர். 1986இல் மோட்டரோலாக் கம்பனியில் பிறந்து, பத்து லட்சம் வாய்ப்புகளில் 3.4 குறைகளுக்கு மேல் பொறுக்க மாட்டேன் என்று சபதம் செய்தவர். அந்த 3.4ஐயும் எங்கள் தோட்டங்கள் கடந்துவிட்டன. இங்கே குறை பூச்சியம். சுவரில் முறைப்பாட்டுப் பெட்டி தொங்குகிறது, அதற்குப் பூட்டு உண்டு, திறப்பு இன்னாரிடம் என்று யாருக்கும் தெரியாது, படிவம் சிங்களத்தில், பெயரும் பிரிவும் லய இலக்கமும் கட்டாயம். ஆண்டு முடிவில் பெட்டி வெறுமையாக இருக்கிறது என்பதை மேலிடத்துக்கு அறிவிக்கிறார்கள். மகாராசாவும் புன்னகைக்கிறார்.

இத்தனை பேரையும் ஒப்பிட ஒரு துலாக்கோல் வேண்டுமே என்றால், 1966இல் டொனபீடியன் என்ற அறிஞர் அதைச் செய்து தந்துவிட்டார். கட்டமைப்பு, செயன்முறை, விளைவு என மூன்று தட்டுகள். முதல் தட்டில் கட்டடத்தையும் கட்டிலையும் வைக்கலாம். இரண்டாவதில் கூட்டங்களையும் பயிற்சிப் பட்டறைகளையும் வைக்கலாம். இரண்டும் நன்றாகவே கீழிறங்கும். மூன்றாவது தட்டில் மட்டும் பிள்ளைகளை ஏற்றி நிறுக்க வேண்டியிருக்கிறது. நாடளாவிய குடிசன, சுகாதார ஆய்வு 2006-07இல் நிறுத்துப் பார்த்தபோது, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேர் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள். 2016இல் அது 32. அந்த இரு ஆய்வுகளிலும் நாட்டின் சராசரி 17. இந்த 32ஐக் குறை என்று கருதுவோர் காலத்தின் அருமை தெரியாதவர்கள். பத்தாண்டுக்கு எட்டு என்ற இதே கம்பீர நடையில் போனால், நாடு 2006இலேயே நின்றிருந்த இடத்தை எங்கள் பிள்ளைகள் 2035 வாக்கில் எட்டிவிடுவார்கள். 2016இல் பிறந்த குழந்தை அதற்குள் கொழுந்துக் கூடை தூக்கும் வயதுக்கு வந்திருக்கும். உயரம் குறைந்தவருக்குக் குனிந்து பறிக்கும் சிரமமும் இருக்காது. இத்தனை தூரம் முன்னோக்கிப் பார்க்கும் மேம்பாட்டை எந்தத் தேசம் கண்டது?

தரத்தை அளக்கத் தெரியாத சனம் என்று எங்களை யாரும் தாழ்வாக எண்ணிவிடக் கூடாது. கொழுந்தின் தரத்துக்காக இந்த மலை செய்யும் தவத்தைப் பாருங்கள். பறித்த கொழுந்தை அன்றன்றைக்கே பல தடவை நிறுக்கிறார்கள். தண்ணீருக்கென்று கிலோ கழிக்கிறார்கள், சாக்குக்கென்று கழிக்கிறார்கள். முற்றிய இலை ஒன்று கலந்தாலும் கணக்கப்பிள்ளையின் கண் அதைப் பிடித்துவிடும். சாக்கில் அழுத்தி அடைத்தால் இலை சூடேறிக் கெடும் என்று அதற்குக் காற்றுப் படும்படி வைக்க விதி உண்டு. பக்டரியில் வாட்டும் தட்டின் வெப்பத்தை மணிக்கு மணி குறிக்கிறார்கள். 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்துக்கு மாதிரி போகிறது. சுவைஞர் ஒரு மிடறு உறிஞ்சி, இது எந்த மலையின் எந்தப் பருவத்துத் தேயிலை என்று சொல்கிறார். நிறத்தில் ஒரு சாயை குறைந்தாலும் அன்றே துரைக்குத் தொலைபேசி வரும். மறுநாளே காரணம் கண்டு திருத்துவார்கள். ஒரு கொழுந்துக்கு இத்தனை பரிவு காட்டத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அதைப் பறித்தவளின் இரத்தத்தில் இரும்பு எத்தனை என்று பார்க்கத் தெரியாமல் போகுமா? தெரியும். அவளை ஏலத்தில் விடும் அவமதிப்பைச் செய்ய மனமில்லாத காரணத்தால்தான் அவளை அளக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் கண்ணியத்தை நாம் மெச்ச வேண்டும்.

இனி ஒப்பீட்டின் தீர்ப்பு. பெருந்தகையீர், உங்களுள் தாழ்ந்தவர் என்று ஒருவரைக் காட்ட எம்மால் இயலவில்லை, எல்லோரும் சமமே. பிறந்த ஊர்களில் உங்களுக்குள் வேறுபாடு இருந்ததாகக் கேள்விப்படுகிறோம். அங்கே ஒருவர் காத்திருப்பைக் குறைத்தார், ஒருவர் தவறான மருந்தைத் தடுத்தார், ஒருவர் கடைநிலை ஊழியரின் வாயைத் திறந்தார். எங்கள் மலையில் வைத்தியரும் இல்லாத, மருந்தும் இல்லாத, மொழியும் புரியாத அறைக்குள் உங்களை ஒருவர் பின் ஒருவராக அழைத்து வந்து நிறுத்தியதும், அந்த வேறுபாடெல்லாம் கரைந்து அத்வைதமாகிவிட்டது. 5 எஸ் வந்தாலும் அதே வரிசை. சக்கரம் வந்தாலும் அதே வரிசை. சிக்ஸ் சிக்மா வந்தாலும் அதே பனடோல். எந்த முறையை இட்டாலும் விளைவு மாறாத இப்படியொரு நிலம் ஒப்பீட்டு ஆய்வாளருக்கு வேறெங்கு வாய்க்கும்? உங்களை அழைத்து வந்த பெருமக்களின் மேதைமை இதில்தான் துலங்குகிறது. டொக்டரை அனுப்பச் செலவாகும். முறையை அனுப்பத் தபால் தலை போதும்.

ஆகையால் எங்களுக்கு அற்ப ஆசைகள் எழாதபடி நீங்களே காத்தருள வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளருக்குப் பதில் பட்டம் பெற்ற மருத்துவர் வேண்டும் என்று நாங்கள் வாய்திறக்காதிருப்போமாக. பேறுகாலத்தில் பக்கத்தில் நின்று தமிழில் ஆறுதல் சொல்ல ஒரு மருத்துவிச்சி வேண்டும் என்று ஏங்காதிருப்போமாக. கிளினிக் போன நாளுக்கும் பேர் போட வேண்டும் என்று கணக்கப்பிள்ளையிடம் முறையிடாதிருப்போமாக. மேல் பிரிவு வரை அம்புலன்ஸ் ஏறும் வீதி, இரவிலும் திறந்திருக்கும் கதவு, அரசின் கையில் ஒப்படைக்கப்பட்ட வைத்தியசாலை என்பனவெல்லாம் எங்கள் கனவிலும் வராதிருப்பதாக. இவை வந்துவிட்டால் நீங்கள் பிறந்த ஊர்களில் வேலை செய்ததுபோல் இங்கும் வேலை செய்ய வேண்டிவரும். சுவரில் சட்டத்துக்குள் வீற்றிருக்கும் இந்தச் சுகம் உங்களுக்கு வாய்க்காது.

கடைசியாக, இந்த முறைகளுக்குப் புள்ளியிட்டு விருது வழங்கும் குழுவினருக்கு ஒரேயொரு விண்ணப்பம். அடுத்த மதிப்பீட்டுக்கு எழுந்தருளும்போது பகலில், வெயிலில், முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் தார் வீதியில் வாருங்கள். பொலிஷ் போட்டு வைக்கிறோம், மாலையோடு நிற்கிறோம். தப்பித் தவறியும் மழை இரவொன்றில், மேல் பிரிவிலிருந்து வலியோடு இறங்கும் ஒருத்தியின் பக்கத்தில் கொழுந்து லொறியில் ஏறிவிடாதீர்கள். புள்ளியிடும் தாள் நனைந்துவிடும். அப்புறம் எங்கள் தரத்துக்கு எத்தனை புள்ளி என்று அவளிடம்தான் கேட்க வேண்டிவரும். அவளோ தமிழில்தான் சொல்வாள்.